ஆடியோகிராமில் பூஜ்ஜியம் ஏன் உச்சியில் இருக்கிறது?

கேள்வி இது: "அப்பாவுக்குக் காது டெஸ்ட் எடுத்தோம். கையில் கொடுத்த வரைபடத்தில் பூஜ்ஜியம் மேலே இருக்கிறது, 120 கீழே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பார்த்த எந்த வரைபடமும் இப்படி இல்லையே? இதை முதலில் இப்படி வரைந்தது யார்? 55 என்று எழுதியிருக்கிறார்களே, 55 சதவீதம் காது போய்விட்டது என்று அர்த்தமா?"

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 55 என்பது சதவீதம் இல்லை. அது டெசிபல், ஒலியின் அளவைச் சொல்லும் அலகு. ஆனால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஏனென்றால் முதன்முதலில் இந்த வரைபடம், அதாவது ஆடியோகிராம், சதவீதத்தில்தான் போடப்பட்டது. உச்சியில் 100, அடியில் 0. நல்ல காது மேலே, கேட்கும் திறன் குறையக் குறையக் கீழே. அப்படி வரைந்தால் யாருக்கும் தலைகீழாகத் தெரியாது. பிறகு சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெசிபலை வைத்தார்கள். கோடு இறங்கும் திசையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். நூறு வருஷமாக உலகம் முழுக்க அதே படத்தைத்தான் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

இது நடந்த விதம் தெரிந்தால் அந்தத் தாளைப் படிப்பது நிஜமாகவே எளிதாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மின்சாரக் கருவி வருவதற்கு முன்பு காது மருத்துவர்களிடம் இருந்தது இசைக்கவை. தட்டிவிட்டுக் காதருகே பிடித்தால் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். நோயாளிக்கு எப்போது கேட்காமல் போகிறது, நல்ல காது உள்ளவருக்கு எப்போது கேட்காமல் போகிறது என்று நேரம் பார்ப்பார்கள். மருத்துவருக்கு 60 வினாடி கேட்கும் கவை நோயாளிக்கு 30 வினாடிதான் கேட்கிறது என்றால் பாதி. பெர்லினைச் சேர்ந்த ஆர்தர் ஹார்ட்மன் 1885இல் இதை ஒரு அட்டவணைப் படமாகவே போட்டார். கிடைமட்டத்தில் ஒவ்வொரு இசைக்கவையின் அதிர்வெண் (அதாவது சுருதி), செங்குத்தில் கேட்கும் திறனின் சதவீதம், வலது காதுக்கும் இடது காதுக்கும் தனித்தனி. இன்றைய ஆடியோகிராமின் எலும்புக்கூடு அதிலேயே இருக்கிறது. அதாவது கேட்கும் திறனை 'இவ்வளவு மிச்சம்' என்று சதவீதமாகப் பார்ப்பது மின்சாரக் கருவிகளுக்கு முந்தைய மருத்துவப் பழக்கம். பின்னால் நடந்ததற்கு இந்தப் பழக்கம்தான் வேர் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த கட்டம் நியூயார்க்கில். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்பது தொலைபேசிக் கருவிகள் செய்த நிறுவனம். 463, வெஸ்ட் ஸ்ட்ரீட் என்ற முகவரியில் அதன் பொறியியல் பிரிவு இயங்கியது. 1925இல் அதுவே பெல் ஆய்வகமாக மாறியது. தொலைபேசிக்காரர்களுக்குக் காதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். கம்பி வழியாக மனிதக் குரலை அனுப்ப வேண்டும். குரலின் எந்தப் பகுதியை விட்டுவிட்டாலும் கேட்பவருக்குப் புரியும், எதை விடவே கூடாது என்று தெரிந்தால் கம்பியிலும் கருவியிலும் ஏகப்பட்ட பணம் மிச்சம். அதற்குக் காது எதை, எவ்வளவு மெல்லியதாகக் கேட்கும் என்று முதலில் அளந்தாக வேண்டும்.

அந்த வேலையில் இருந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் ஹார்வி ஃப்ளெட்சர். யூட்டா மாநிலத்துக்காரர், சிகாகோவில் இயற்பியலாளர் மில்லிகனின் மாணவர். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த புகழ்பெற்ற எண்ணெய்த் துளிச் சோதனையில் கூடவே உழைத்தவர். பிறகு அமெரிக்க ஒலியியல் சங்கம் 1929இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். இன்னொருவர் ஆர். எல். வெகல். அவருக்கே காதில் ஓயாத இரைச்சல் இருந்தது. அதைத் தானே அளந்து 1931இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த இரண்டு இயற்பியல்காரர்களோடு சேர்ந்தவர் எட்மண்ட் பிரின்ஸ் ஃபவுலர், நியூயார்க்கில் தொழில் செய்த காது மருத்துவர். தினமும் நோயாளிகளைப் பார்ப்பவர், இசைக்கவையில் பழகியவர்.

மூவரும் கூடி உழைத்ததன் பலன் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1-ஏ ஆடியோமீட்டர், அதாவது கேட்கும் திறனை அளக்கும் கருவி. 1922இல் வந்தது. வால்வு வைத்த கருவி. 32 ஹெர்ட்ஸிலிருந்து 16,384 ஹெர்ட்ஸ் வரை ஒலி தரும். விலை 1,500 டாலர். அந்தக் காலத்தில் எந்தத் தனி மருத்துவரும் வாங்கக் கூடிய விலை இல்லை. இடத்தையும் அடைத்துக்கொண்டது. அடுத்து வந்த 2-ஏ தான் சிறியதாக, மருத்துவமனைக்கு ஏற்றதாக இருந்தது.

கருவி வந்தாயிற்று. அது தரும் எண்களை எப்படித் தாளில் போடுவது? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

வெகல் இயற்பியல்காரர் போடுவதுபோலவே போட்டார். 1922இல் அவர் வெளியிட்ட படத்தில் கிடைமட்டத்தில் அதிர்வெண், செங்குத்தில் ஒலியின் அழுத்தம். இரண்டும் மடக்கை அளவில். மேலே போனால் சத்தம் அதிகம், கீழே வந்தால் குறைவு. அடியில் ஒரு வளைவு: இதற்குக் கீழே சராசரி நல்ல காதுக்கும் கேட்காது. மேலே இன்னொரு வளைவு: இதைத் தாண்டினால் கேட்பதோடு நிற்காமல் காதில் கூச்சமும் வலியும் தெரியும். இரண்டு வளைவுகளும் தாழ்ந்த சுருதியிலும் உயர்ந்த சுருதியிலும் நெருங்கி வரும், நடுவில் அகன்றிருக்கும். மொத்தத்தில் ஒரு கண்ணின் வடிவம். மனிதன் கேட்பதெல்லாம் அந்தக் கண்ணுக்குள்தான். காது மந்தமானவருக்கு அடிவளைவு மேலே ஏறும், அவ்வளவுதான். இதில் தலைகீழ் எதுவும் இல்லை. செவி பற்றி வரையப்பட்ட படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே பார்வையில் காதின் முழு எல்லையும் தெரிகிறது.

ஏன் மடக்கை அளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுத்தரச் சுருதியில் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியின் அழுத்தத்தை 1 என்று வைத்தால், காதில் உறுத்தும் ஒலியின் அழுத்தம் சுமார் 10,00,000. இதைச் சாதாரண அளவுகோலில் போட்டால் தாள் போதாது. அதனால் அழுத்தம் 10 மடங்கு ஏறும் ஒவ்வொரு முறையும் 20 படி என்று எண்ணினார்கள். அப்போது அதற்கு 'உணர்வு அலகு' என்று பெயர். பத்து லட்சம் மடங்கு 120 படிகளில் அடங்கிவிட்டது. இன்று நாம் டெசிபல் என்று சொல்வது இதே படிதான். டெசிபல் என்ற பெயர் 1920களின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது.

ஃபவுலருக்கு வெகலின் படம் போதவில்லை. நோயாளி எதிரே உட்கார்ந்து "டாக்டர், எனக்கு எவ்வளவு கேட்கிறது?" என்று கேட்பார். அழுத்தத்தின் மடக்கையைச் சொல்லி என்ன பயன்? அதனால் ஃபவுலர் வெகலின் கண்ணுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டார். ஒரு சுருதியில் நல்ல காதுக்கு அடிவளைவிலிருந்து மேல்வளைவு வரை 120 படி இருக்கிறது. நோயாளிக்கு 60வது படியில்தான் கேட்கவே தொடங்குகிறது. அங்கிருந்து உச்சி வரை மிச்சம் 60 படி. ஆக 120இல் 60, அதாவது 50 சதவீதம். ஒவ்வொரு சுருதிக்கும் இப்படிக் கணக்கிட்டு, 100 சதவீதத்தை உச்சியில் வைத்து, புள்ளிகளை இணைத்தார். 1922இல் ஃபவுலரும் வெகலும் சேர்ந்து காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் முன்னால் வைத்த முறை இது.

பாருங்கள், இந்தப் படத்தில் எல்லாம் நேராக இருக்கிறது. செங்குத்து அச்சு அளப்பது கேட்கும் திறனை. திறன் அதிகமென்றால் மேலே, குறைவென்றால் கீழே. இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. வெகலின் படத்தில் நல்ல காதின் அளவு ஒரு வளைவு. ஃபவுலரின் படத்தில் அது உச்சியில் ஒரு நேர்கோடு, ஏனென்றால் எல்லாச் சுருதியிலும் நல்ல காது 100 சதவீதம்தான். இந்த நேர்கோடும் இன்றைய ஆடியோகிராமில் அப்படியே இருக்கிறது.

ஆனால் சதவீதத்தில் ஒரு சிக்கல் உண்டு. மேல்வளைவுக்கும் அடிவளைவுக்கும் இடையே உள்ள தூரம் எல்லாச் சுருதியிலும் ஒன்றல்ல. 1000 ஹெர்ட்ஸில் 120 படி இருக்கும் இடத்தில், 125 ஹெர்ட்ஸில் தோராயமாக 80 படிதான். ஆகவே ஒருவருக்கு இரண்டு சுருதியிலும் 40 படி குறைந்திருந்தால், ஓரிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதாகவும் இன்னோரிடத்தில் பாதி போனதாகவும் படம் காட்டும். மேலும் ஒவ்வொரு கணக்கும் மேல்வளைவை நம்பியிருக்கிறது. அந்த மேல்வளைவைத் துல்லியமாக அளப்பது கஷ்டம். காதில் வலி வரும்வரை சத்தம் கொடுத்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

ஃப்ளெட்சர் முன்வைத்த வழி எளிமையானது. சதவீதம் வேண்டாம். நல்ல காதை விட எத்தனை படி அதிகச் சத்தம் தேவைப்படுகிறதோ அதையே 'கேட்பு இழப்பு' என்று எழுதிவிடலாம். தொலைபேசிப் பொறியாளர்களுக்கு இந்தச் சிந்தனை மிக இயல்பு. ஒரு நீண்ட கம்பியில் குரல் போகும்போது எவ்வளவு வலுவிழக்கிறது என்பதை இதே அலகில் 'இழப்பு' என்றுதான் அவர்கள் கணக்கு வைத்தார்கள்.

ஆக, சில ஆண்டுகளுக்குள் செங்குத்து அச்சில் சதவீதத்தின் இடத்தில் இழப்பின் படிகள் வந்து உட்கார்ந்தன. உச்சியில் 100 சதவீதம் இருந்த இடத்தில் இழப்பு 0. கீழே இறங்க இறங்க 20, 40, 60. மருத்துவர்களுக்குப் பழகிய தோற்றம் மாறவில்லை: நல்ல காது மேலே, மோசமான காது கீழே. இழப்பு என்று படித்தால் இதுவும் குழப்பமில்லை. குழப்பம் வந்தது அதற்கும் பிறகு. அச்சின் பெயர் 'இழப்பு' என்பதிலிருந்து 'கேட்பு அளவு' என்று மாறியது. அதாவது ஹெட்போனில் எவ்வளவு சத்தம் கொடுத்தோம் என்பதை அச்சு சொல்கிறது. சத்தத்தைச் சொல்லும் அச்சில் அதிகச் சத்தம் கீழே, குறைந்த சத்தம் மேலே! வெகல் முதலில் வரைந்ததற்கு நேர் எதிர். ஆடியாலஜி, அதாவது செவியியல், படிக்க வரும் மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் முதல் வாரத்தில் இதில் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவில் ஆடியாலஜியை வளர்த்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஜெர்கர் 2013இல் இந்தத் தலைகீழ் கதையைத் தனிக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்.

சரி, உச்சியில் இருக்கும் அந்தப் பூஜ்ஜியம் எது? மௌனம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது காது நோய் எதுவும் இல்லாத இளைஞர்கள் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு. அதனால்தான் சில தாள்களில் பூஜ்ஜியத்துக்கும் மேலே மைனஸ் 10 என்று ஒரு கோடு இருக்கும். சராசரியை விட நல்ல காது உள்ளவர்களின் புள்ளி அங்கே விழும்.

இந்தப் பூஜ்ஜியம் எல்லாச் சுருதியிலும் ஒரே சத்தமும் இல்லை. நீண்டகாலம் பரிசோதனைகளில் இருந்த டி.டி.ஹெச்-39 என்ற ஹெட்போனுக்கு 1969ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிர்ணயம் சொல்வதைப் பாருங்கள்: 125 ஹெர்ட்ஸில் பூஜ்ஜியம் என்றால் உண்மையில் 45 டெசிபல் ஒலி அழுத்தம். 250 ஹெர்ட்ஸில் 25.5. ஆனால் 1000 ஹெர்ட்ஸில் வெறும் 7. தாழ்ந்த சுருதியில் நம் காது அவ்வளவு மந்தம். வெகலின் அடிவளைவை இழுத்து நேராக்கியதுதான் இந்தப் பூஜ்ஜியக் கோடு. கருவிக்குள்ளேயே இந்தத் திருத்தம் செய்யப்பட்டிருப்பதால், பரிசோதனை செய்பவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. கருவியை ஒழுங்காக அளவுதிருத்தம் செய்யாவிட்டால் மொத்த வரைபடமும் பொய் என்பதும் இதிலிருந்தே வருகிறது.

அப்புறம் இன்னொரு விஷயம் நடந்தது. இந்தப் பூஜ்ஜியமே ஒருமுறை இடம் மாறியது. அமெரிக்கா 1935-36இல் பொதுச் சுகாதாரத் துறை எடுத்த பெரிய கணக்கெடுப்பை வைத்துத் தன் பூஜ்ஜியத்தை நிர்ணயித்து, 1951இல் அதைத் தரநிர்ணயமாக்கியது. அதே சமயம் பிரிட்டனில் அமைதியான ஆய்வகத்தில், கவனமாகத் தேர்ந்தெடுத்த இளைஞர்களை வைத்து அளந்தபோது அவர்களுக்குச் சுமார் 10 டெசிபல் மெல்லிய ஒலியே கேட்டது. காது நாட்டுக்கு நாடு மாறவில்லை, அளந்த விதம் மாறியது. 1964இல் உலகத் தரநிர்ணயம் பிரிட்டிஷ் அளவை ஒட்டி அமைந்தது, 1969இல் அமெரிக்காவும் அதற்கு வந்தது. விளைவு, முந்தைய நாள் 15 டெசிபல் இழப்பு என்று எழுதப்பட்ட அதே காது, புதிய கருவியில் சுமார் 25 என்று காட்டியது. நோயாளிக்கு ஒன்றுமே ஆகவில்லை. பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் எந்தத் தரநிர்ணயம் என்று பார்க்காமல் எண்களை ஒப்பிடக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

கிடைமட்ட அச்சிலும் பழங்காலத் தடம் ஒன்று உண்டு. 250, 500, 1000, 2000, 4000 என்று ஒவ்வொன்றும் முந்தையதின் இரு மடங்கு. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: ஒவ்வொரு கோடும் ஒரு ஸ்தாயி மேலே. ஆரம்பத்தில் இந்த எண்கள் 256, 512, 1024, 2048, 4096 என்றிருந்தன. நடு 'சி' ஸ்வரத்தை 256 என்று வைத்து இசைக்கவைகள் செய்த 19ஆம் நூற்றாண்டு வழக்கம் அப்படியே ஆடியோமீட்டருக்கு வந்தது. பிற்பாடு கணக்குக்கு வசதியாக 250, 500 என்று வட்டமாக்கினார்கள். தறிக்கூடத்திலோ பட்டறையிலோ பல வருஷம் வேலை பார்த்தவர்களின் வரைபடத்தில் 4000 அருகே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தைப் பழைய நூல்கள் 'சி5 பள்ளம்' என்று இசைக்கவையின் பெயரால்தான் சொல்கின்றன.

வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்பதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடலாம். மருத்துவமனைக்கு மருத்துவமனை வெவ்வேறு குறிகள் இருந்தன, 1974இல் அமெரிக்கப் பேச்சு-செவித் துறையினரின் சங்கம் ஒழுங்குபடுத்தியது. குறிகளை விட முக்கியமானது படத்தின் நீள அகலம். கிடைமட்டத்தில் ஒரு ஸ்தாயியின் அகலமும் செங்குத்தில் 20 டெசிபலின் உயரமும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. இதை மதிக்காமல் தாளின் அளவுக்கு ஏற்றபடி படத்தை இழுத்து நீட்டி அச்சடித்தால், செங்குத்தாக விழும் கோடு சாய்வாகத் தெரியும், சாய்வானது சமமாகத் தெரியும். இரண்டு இடங்களில் எடுத்த ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முதலில் எண்களைப் பாருங்கள், கோட்டின் வடிவத்தை நம்பாதீர்கள்.

இப்போது ஃபவுலருக்குத் திரும்ப வேண்டும், அவருக்கு நாம் ஒரு நியாயம் செய்ய வேண்டியிருக்கிறது. சதவீதத்தைக் கைவிட்டது சரி. ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றும் படத்திலிருந்து காணாமல் போனது: மேல்வளைவு. இன்றைய ஆடியோகிராம் காது எங்கே கேட்கத் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எங்கே தாங்க முடியாமல் போகிறது என்பதைத் தானாகச் சொல்வதில்லை. வயதானவர் இருக்கும் எந்த வீட்டிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். மெதுவாகப் பேசினால் "என்ன சொன்னே, கேக்கலே." கொஞ்சம் குரலை உயர்த்தினால் "ஏன் இப்படிக் கத்தறே?" வீட்டில் உள்ளவர்கள் இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பிடிவாதம் இல்லை. உள்காதின் நுண்ணிய முடி செல்கள் பழுதானால் அடிவளைவு மேலே ஏறுகிறது, மேல்வளைவோ பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே 120 படி இருந்த இடத்தில் 50 படிதான் மிச்சம். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கிசுகிசுப்பிலிருந்து இரைச்சல் வரை எல்லாம் நெருக்கியடித்து வருகிறது.

மந்தமான காதில் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி நல்ல காதுக்குச் சமமாகப் பலமாகவே தெரியும் என்பதைச் சோதித்து எழுதியவர் வேறு யாருமில்லை, ஃபவுலர்தான். 1930களில் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் மாற்றி மாற்றி ஒலி கொடுத்து ஒப்பிடும் முறையையும் அவரே கொண்டுவந்தார். 1922இல் 'மிச்சம் எவ்வளவு' என்று மேல்வளைவிலிருந்து அளந்த மனிதருக்கு இந்த விஷயம் கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. இன்றைய காது மெஷின்கள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குவது இந்தக் குறுகிய இடைவெளிக்குள் எல்லாவற்றையும் அடக்கத்தான்.

உங்கள் தாளில் சாம்பல் நிறத்தில் வாழைப்பழம் மாதிரி ஒரு திட்டு அச்சாகியிருக்கலாம். அதன் பெயரே பேச்சு வாழைப்பழம். சாதாரணமாகப் பேசும்போது எழும் ஒலிகள் எந்தச் சுருதியில், எவ்வளவு சத்தத்தில் இருக்கும் என்பதைக் காட்டுகிறது. இந்த வகைப் படத்துக்கு வழிகாட்டியவர் ஸ்வீடனின் குன்னர் ஃபான்ட். 1940களின் பிற்பகுதியில் எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்தபோது பேச்சொலிகளை அளந்தார், அதுவும் ஸ்வீடிஷ் மொழிப் பேச்சொலிகளை. மறுபடியும் தொலைபேசிக்காரர்கள்! வாழைப்பழம் அந்தப் படத்தில் தொங்குவது போல வளைந்திருப்பதும் அச்சு தலைகீழாக இருப்பதால்தான். வெகலின் அச்சில் போட்டால் அது மேல்நோக்கி வளைந்த திட்டாக நிற்கும்.

தமிழுக்கு அது பொருந்துமா என்றால், பொதுவாகப் பொருந்தும், விவரத்தில் யோசிக்க வேண்டும். உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த, நடுச் சுருதிகளில். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் தடயங்கள் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளில். உங்கள் அப்பாவின் கோடு வலது பக்கம் சரிந்து இறங்கியிருந்தால், அவருக்குப் பேச்சு கேட்கும், சொல் தெளிவாக இருக்காது. படி, தடி, கடி மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். 'ச', 'ஸ' ஒலிகள் நழுவும். முகத்தைப் பார்த்துப் பேசினால் உதடு மூடுவதை வைத்துப் 'படி' என்று கண்டுபிடித்துவிடுவார். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் முடியாது.

இனி அந்த 55. பெரும்பாலும் 500, 1000, 2000, சில இடங்களில் 4000 ஹெர்ட்ஸும் சேர்த்து எடுத்த சராசரி அது. அந்தச் சுருதிகளில் அவருக்கு ஒலி கேட்கத் தொடங்க, நல்ல காதுள்ள இளைஞரை விட 55 டெசிபல் கூடுதல் சத்தம் தேவை. அழுத்தக் கணக்கில் அது 500 மடங்குக்கும் மேல். கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் 120 படி உள்ள ஏணியில் 55வது படி அது. நேருக்கு நேர் சாதாரணக் குரலில் பேசுவதே காதருகில் சுமார் 60 டெசிபலுக்கு வருவதால், அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அவருக்குப் பேச்சு எட்டும், ஆனால் விளிம்பில்தான் எட்டும். மின்விசிறி, டிவி, பாத்திரச் சத்தம் சேர்ந்தால் நழுவிவிடும். காது மெஷின் நன்றாகவே உதவக்கூடிய நிலை இது. தள்ளிப் போட வேண்டாம்.

அரசு சான்றிதழுக்காகக் கேட்கிறீர்களானால் தெரிந்துகொள்ளுங்கள்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதுகளிலும் பேச்சுச் சுருதிகளில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும் வகைப்படுத்துகிறது. சான்றிதழில் வரும் சதவீதம் டெசிபலிலிருந்து தனிச் சூத்திரத்தால் கணக்கிடப்படுகிறது. ஆடியோகிராமில் உள்ள எண்ணும் அந்தச் சதவீதமும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் 55 என்று பார்த்துவிட்டு 55 சதவீதம் என்று விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. காது மெஷின் பொருத்தும்போது, காதுக்குள் மெல்லிய குழாய் வைத்துச் செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு சத்தம் போகிறது என்று அளக்கும் வசதி பல இடங்களில் இருக்கிறது. அந்தத் திரையில் வரும் படத்தில் அச்சு நேராக இருக்கும்: அதிகச் சத்தம் மேலே. அடியில் அப்பாவுக்குக் கேட்கத் தொடங்கும் கோடு, மேலே அவருக்குத் தாங்க முடியாத கோடு, நடுவில் மெஷின் தரும் பேச்சு. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சீவால்டும் கூட்டாளிகளும் குழந்தைகளுக்கு மெஷின் பொருத்துவதற்காக 1980களிலிருந்து வளர்த்த முறை இந்த வகைப் படத்தைப் பரவலாக்கியது. அச்சையும் இரண்டு எல்லைக் கோடுகளையும் பார்த்தால் 1922இல் வெகல் வரைந்த அதே படம்தான். மெஷின் வாங்கப் போகும்போது அந்தப் பரிசோதனையைச் செய்து, திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பேச்சு அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விழுகிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.